ஈர்க்கு அளவில் ஒரு புல்லர்

நானா கோணிச் சாக்கை விரித்து மூன்று புல்லர்களையும் அதன்மேல் வைத்தார். வெளியே நல்ல மழை. சூலியா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது அவருடைய பழைய இரும்புக் கடை. வாசல் சாக்கடை நிரம்பி, மிதந்து வந்த தேங்காய் மட்டை ஒன்று படியை முட்டுவதும் விலகுவதுமாக இருந்தது. என் சேலை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். செருகி வைத்த ஈர்க்குகள் இருந்தன.

“பாத்து எடு தங்கச்சி. இந்தப் பினாங்குல இப்ப புல்லர் இருக்கிற கடை இது ஒண்ணுதான்” என்றார் நானா.

மூன்றில் ஒன்றைத்தான் நான் எடுக்க முடியும். தப்பானதை எடுத்தால் என் வீட்டுக்காரரை ஜப்பான்காரன் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவான். ஒரு இரும்புச் சாமானுக்கும் ஒரு ஆளின் உயிருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

சாமான் பெட்டி போன பிறகு

துறைமுகத்துப் பக்கம் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் அங்கே ஃபிட்டர் வேலை பார்த்தவர். அன்றைக்கு அவர் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார். அவருடைய சாமான் பெட்டி வரவில்லை. சுத்தியல், அரம், ஸ்பேனர், புல்லர், எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

அதன்பிறகு வீட்டுக்குப் பின்னால், குளியலறைக்கும் கோழிக்கூட்டுக்கும் நடுவில், இரண்டு தகரத்தைச் சாய்த்து ஒரு பட்டறை போட்டார். கிடைத்த சாமானை வைத்து சைக்கிள், தண்ணீர் பம்பு, தையல் மிஷின் என்று எது வந்தாலும் பார்த்தார். டத்தோ கிராமட் பக்கத்தில் ஒரு மரவள்ளி மாவு மில் இருந்தது. அதன் முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அந்த மில் மாவு ஜப்பான்காரன் பட்டாளத்துக்குப் போனது. மில்லின் யந்திரங்களை இவர் பார்த்துக்கொண்டார். அதற்காக முத்திரை குத்திய வேலை அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள்.

அந்த அட்டைதான் எங்களுக்குச் சோறு, தூக்கம் எல்லாம். அப்போது தமிழ் ஆண் என்றால், ஜப்பான்காரன் சயாமில் போட்ட ரயில் பாதைக்கு ஆள் என்று அர்த்தம். சுங்கை பாக்காப் தோட்டத்தில், நான் பிறந்து வளர்ந்த லயத்து வரிசை வீடுகளில், இலவசப் படம் காட்டுகிறோம் என்று சொல்லிக் கூட்டம் சேர்த்து அப்படியே லாரியில் ஏற்றினார்கள். என் அண்ணன் தலை வாரிக்கொண்டு படம் பார்க்கப் போனவன். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட நேரத்தில் மில்லின் பெரிய தண்டில் ஒரு பேரிங் போய்விட்டது. ஓடும்போது பன்றி அறுக்கிற மாதிரி அலறும், மாவும் பாதிதான் விழும். பார்வையிட வந்த ஜப்பான் ஆபீசர் காதைப் பொத்திக்கொண்டு, தான் அடுத்த முறை வரும்போது மில் ஒழுங்காக ஓட வேண்டும், இல்லாவிட்டால் மூடிவிட்டு ஆட்களை எல்லாம் ரயில் பாதைக்கு அனுப்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது பேரிங்குக்கு எங்கே போவது? குண்டடிபட்டுக் கிடந்த ஒரு லாரியின் கியர் பெட்டியில் அதே அளவில் ஒன்று இருந்தது. தவுக்கே அந்தப் பெட்டியையே மரவள்ளி மூட்டைகளுக்கு அடியில் வைத்து மாட்டு வண்டியில் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

“சுத்தியலால தட்டி எடுத்துரலாமே?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“தட்டினா வெளிய வரும். உள்ள இருக்கிற குண்டு அம்புட்டும் வளையத்துல பள்ளம் போட்டுரும். அப்புறம் இதுவும் அலறும்” என்றார். “புல்லர் வேணும் பாக்கியம். கவ்வி இழுக்கணும்.”

ஈர்க்கு

புல்லர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நண்டு மாதிரி இருக்கும். இரண்டு காலோ மூன்று காலோ உண்டு. கால் நுனியில் உள்பக்கம் மடிந்த பாதம். பாதங்களைப் பேரிங்குக்குப் பின்னால் மாட்ட வேண்டும். நடுவில் நீளமான திருகு ஒன்று இருக்கும். அதன் முனை தண்டின் தலையில் உட்காரும். திருகைத் திருகத் திருக, கால்கள் பேரிங்கை மெதுவாக இழுத்துக்கொண்டு வரும். பல்சக்கரத்தையும் அப்படித்தான் கழற்றுவார்கள்.

ஆள் பிடிக்க ரோட்டில் லாரியோடு நிற்பவன் அட்டையை வாங்கிப் படித்துப் பார்க்கப் போவதில்லை. அதனால் ஆண்கள் மில்லுக்குப் போவதே பின்வழியாகத்தான். கடை கண்ணிக்கு எல்லாம் பெண்கள்தான். புல்லர் வாங்கவும் நான்தான்.

அளவுக்கு அவர் ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

“மழையில நனைஞ்சா நூல் இழுத்துக்கும்ங்க.”

“அரைக்கால் இஞ்சுகூட இழுக்காது.”

“இழுத்துருச்சுன்னா?”

அவர் நூலைக் கீழே போட்டார். பிறகு விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை உருவி ஒடித்தார். ஒன்று கால்கள் எவ்வளவு அகலம் விரிய வேண்டும் என்பதற்கு. மற்றது எவ்வளவு ஆழம் எட்ட வேண்டும் என்பதற்கு. பேரிங்குக்குப் பின்னால் பாதம் நுழையும் இடுக்கைத் தொட்டுக் காட்டி, “நம்ம தோசைக் கரண்டி நுழையுற இடம்தான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க” என்றார். இரண்டு ஈர்க்கையும் கொண்டையில் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

நானாவின் சாக்கு

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். தோட்டத்தில் புல் வெட்ட ஆள் குறைந்தது, அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது கவலைப்படுவது ஒன்றுதான். கதவைப் பூட்டினால் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். அரிசியில் கல் பொறுக்கினால் அரிசி குறைந்துவிடும், அவ்வளவு பொறுக்குவேன்.

முதல் புல்லர் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. மூன்று கால். ஈர்க்கை வைத்துப் பார்த்தேன், அகலமும் ஆழமும் சரி. நானா அதைத்தான் என் பக்கம் தள்ளினார். எனக்கு அந்தப் பெயிண்ட்மேல் சந்தேகம். இந்தப் பஞ்சத்தில் யார் இரும்புக்குப் பெயிண்ட் அடிப்பார்கள்? கொண்டை ஊசியால் காலின் ஓரத்தைச் சுரண்டினேன். உள்ளே சாம்பல் நிறம், பொடிப் பொடித் துளைகள். வீட்டுச் சாவியால் தட்டினேன். டொக்கென்றது.

“நானா, இது வார்ப்பு இரும்பு. இழுத்தா ஒடிஞ்சிரும்.”

“ஒடியாது தங்கச்சி.”

“ஒடிஞ்சா?”

“ஒடிஞ்சா என்கிட்டயே வா.”

“நான் வருவேன் நானா. அவரு சயாம்ல இருப்பாரு.”

அவர் அதை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டார்.

இரண்டாவது நல்ல எஃகு. தட்டினால் கணீரென்றது. ஆனால் அது ஏதோ கப்பல் யந்திரத்துக்குச் செய்தது. பாதம் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் தடிமன். தோசைக் கரண்டி போகிற இடத்தில் அது எங்கே போகும்?

மூன்றாவது முழுக்கத் துரு. சாக்கில் வைத்த இடமெல்லாம் செம்மண் நிறம். மூன்று கால், பாதம் மெலிசு. தட்டினேன், கோயில் கைமணி மாதிரி நாதம் நின்று ஒலித்தது. உலையில் வைத்து அடித்துச் செய்தது என்று தெரிந்துகொண்டேன். கால்கள் சேருகிற இடத்தில் ஆட்டிப் பார்த்தேன், லொடலொடப்பு இல்லை. திருகு பாதியில் நின்றது.

“கொஞ்சம் எண்ணெய் குடுங்க நானா.”

“எண்ணெயா! மனுசன் தலைக்குத் தேச்சே மாசக்கணக்காச்சு.”

நான் கொண்டுபோன புட்டியிலிருந்தே இரண்டு சொட்டு விட்டுத் திருகினேன். கடைசி மரை வரைக்கும் திருகிப் பார்த்தேன். எல்லோரும் பாதியோடு விட்டுவிடுவார்கள். மரை நைந்திருந்தால் நுனிப்பக்கம்தான் நைந்திருக்கும். மரை எல்லாம் பொடிசு, வரிசை தப்பாமல் இருந்தது. ஒரு பாதத்தின் ஓரம் மட்டும் லேசாகச் சிதறியிருந்தது. நகத்தால் தடவினேன். அது வெறும் சிதறலா, உள்ளே விரிசல் ஓடுகிறதா? ஈரத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விரிசல் இருந்தால் ஈரம் அந்தக் கோட்டில் கொஞ்ச நேரம் நிற்கும். நிற்கவில்லை. எனக்குத் திருப்தியில்லை, மறுபடியும் துடைத்தேன்.

“தங்கச்சி, உன்னைப் பொண்ணு பாக்க வந்தப்பகூட மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்டாங்க” என்றார் நானா.

“அவங்க பாக்கலைங்கிறதாலதான் நான் தப்பிச்சேன் நானா.”

அவர் சிரித்துவிட்டார். வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டை அவர் வாங்கவில்லை. “அந்த வாழைமரத்தை வச்சு நான் என்ன பண்ண, அடுப்பு மூட்டவா?” என்றார். தேங்காய் எண்ணெய்ப் புட்டியையும் ஒரு கட்டித் துணிச் சவுக்காரத்தையும் கொடுத்தேன். நானா சவுக்காரத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார்.

இப்போதெல்லாம் புல்லர் அட்டைப் பெட்டியில் வருகிறது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் வீட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறான். போன மாதம் புதுப் புல்லர் ஒன்றை வாங்கி வந்து, “பெரியம்மா, பளபளன்னு இருக்குல்ல” என்று காட்டினான். தட்டிப் பார்த்தாயா என்றேன். சிரித்தான். வீட்டில் இருந்தபடி வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பளபளப்பைப் பார்க்காதீர்கள். இடம் இருந்தால் மூன்று கால் வாங்குங்கள், இழுவை ஒரு பக்கமாகச் சாயாது. பாதத்தைப் பாருங்கள். திருகைக் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அன்றைக்கு நானா கடையிலிருந்து திரும்பும்போது முச்சந்தியில் காவல் நின்ற சிப்பாய்க்குக் குனிந்து வணங்கினேன். அவன் துப்பாக்கி முனைக் கத்தியால் என் கூடையில் புல்லரை மூடியிருந்த மரவள்ளிக் கீரையைக் குத்தினான். இரும்பில் பட்டுக் கிணுங்கியது. வெளியே எடுத்தான். கால்களை விரித்தான், மடக்கினான், மறுபடி விரித்தான். வயது இருபதுகூட இருக்காது. பொம்மையைப் பார்த்ததுபோலச் சிரித்துவிட்டுக் கூடையிலேயே போட்டான். கீரையை மேலே போட்டு மூடிக்கொண்டு நடந்தேன்.

இரும்பு வடை

அவர் புல்லரைக் கையில் வாங்கி, தட்டி, திருகி, எல்லாம் பார்த்தார்.

“யாரு எடுத்துக் குடுத்தா, நானாவா?”

“நான்தான் எடுத்தேன்.”

அரப்பொடியும் எண்ணெயும் போட்டு அன்று முழுக்க அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் அப்படி ஒன்றைத் தடவித் தடவிப் பார்த்து நான் கண்டதில்லை.

மறுநாள் காலையில் வேலை தொடங்கியது. முதலில் பல்சக்கரம். பாதம் வழுக்காமல் இருக்க என் பழைய சேலையைக் கிழித்து மூன்று காலையும் சேர்த்துக் கட்டினேன். அவர் திருகினார். அசையவில்லை. இன்னும் கொஞ்சம். அசையவில்லை. “விட்டுருங்க, ஒடிஞ்சிரப் போவுது” என்றேன். அவர் ஸ்பேனரை வைத்துவிட்டு, இழுவையோடு அப்படியே விட்டு, ஒரு கோப்பை கடுங்காப்பி குடித்தார். காப்பி என்றால் வறுத்த மரவள்ளித் தோல். குடித்து முடிப்பதற்குள் டங்கென்று ஒரு சத்தம். நான் கத்திவிட்டேன். பல்சக்கரம் தானாக நகர்ந்திருந்தது.

அதற்குப் பின்னால் பேரிங். பாதங்களை உள்வளையத்தின் பின்னால் மாட்ட வேண்டும். வெளிவளையத்தை இழுத்தால் குண்டுகள் கெட்டுப்போகும். மெலிசான பாதங்கள் அந்த இடுக்கில் சரியாகப் போய் உட்கார்ந்தன. சத்தமே இல்லாமல் வெளியே வந்தது பேரிங். கழுவி, விரலில் மாட்டிச் சுற்றி, அவர் காதில் வைத்துக் கேட்டார். பிறகு என் காதில் வைத்தார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“அதான். ஒண்ணும் கேக்கக் கூடாது” என்றார்.

மில் தண்டில் ஏற்றுவதற்கு அதைச் சூடாக்க வேண்டும். சூட்டில் கொஞ்சம் விரியும். தவுக்கே எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார். மில்லுக்குப் பின்கட்டில் அடுப்பு மூட்டி என் எண்ணெய்ச் சட்டியில் அதைப் போட்டுக் காய்ச்சினோம். அந்தச் சட்டியில் எதையாவது பொரித்துப் பல மாதம் ஆகியிருந்தது. மணம் சுவர் தாண்டிப் போயிருக்கிறது.

“என்னாக்கா, வடையா?” என்று மில்லுக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல் வந்தது. குரலிலேயே எச்சில் ஊறியது.

“ஆமா, இரும்பு வடை. பல்லு இருந்தா வா!” என்றார் அவர்.

அன்றைக்குத்தான் அவர் கடைசியாகக் கேலி பேசிக் கேட்டேன்.

அலறல் நின்றது

மில் ஓடியது. மாவு விழுகிற ஓசை மட்டும்தான், மழைக்கால ஓலைக்கூரை மாதிரி. தவுக்கே தண்டின் பக்கத்தில் போய் நின்று “பாகுஸ், பாகுஸ்” என்று மலாயில் மெச்சிக்கொண்டே இருந்தார். மில் பெண்கள் தலைத்துணியை அவிழ்த்துக் காதைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். நான் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆபீசர் வந்த அன்று மத்தியானம் நான் என் வீட்டுக்காரருக்கு அவித்த கிழங்கு கொண்டுபோயிருந்தேன். ஆபீசர் காதைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தார். கையை எடுத்தார். தண்டுக்குப் பக்கத்தில் போய்ப் பேரிங் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதிர்வு இல்லை, சூடு இல்லை. மலாயில் மொழிபெயர்க்கிறவன் கேட்டான், யார் செய்தது என்று.

தவுக்கே நல்லது நினைத்துத்தான் செய்தார். இவர் இல்லாமல் மில் இல்லை என்று ஆபீசருக்குத் தெரிந்தால் இவரை யாரும் தொட மாட்டார்கள் என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இவர் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தி, லாரி கியர் பெட்டியிலிருந்து எடுத்தது, புதுசு ஒன்றும் இல்லாமல் செய்தது என்று கை ஆட்டி ஆட்டிச் சொன்னார்.

ஆபீசர் கேட்டுக்கொண்டே தலையாட்டினார். சிரித்தார். என்னமோ சொன்னார்.

மொழிபெயர்க்கிறவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “இவ்வளவு நல்ல வேலைக்காரன் மாவு மில்லில் இருப்பது வீண். ரயிலுக்கு ஆள் வேண்டும். இன்றைக்கே.”

இவர் அட்டையை எடுத்துக் காட்டினார். ஆபீசர் அதை வாங்கிப் பார்த்து, மதிப்பாகத் திருப்பிக் கொடுத்தார். நல்ல அட்டைதான்.

தவுக்கே இரண்டு கையையும் கூப்பினார். குனிந்தார்.

“மூணு மாசம்னு சொல்றாங்க. பயப்படாத பாக்கியம்” என்றார் அவர் என்னிடம்.

நூல் இழுத்துக்கொள்ளுமோ, இரும்பு ஒடியுமோ, பாதம் வழுக்குமோ, சிப்பாய் பிடிப்பானோ என்று எதெதற்கோ பயந்தேன். வேலை நன்றாக முடிந்துவிடுமோ என்று மட்டும் நான் பயப்படவே இல்லை. கிழங்கைத் துணியோடு அவர் கையில் கொடுத்தேன். லாரி கிளம்பிவிட்டது.

தளர்ந்த நட்டு

மூன்று மாதம் போனது. அதற்குப் பிறகு எத்தனை மாதம் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மில் தண்டின் மறுமுனைப் பேரிங்கும் ஒருநாள் போனது. தவுக்கே எங்கிருந்தோ தேடிப் பிடித்த, பழைய பேரிங் மாட்டிய வேறொரு தண்டோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். லாரி போன அன்றைக்குப் பிறகு அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. “நீ கூட நின்னு பாத்தவதானே” என்றார் அரைகுறைத் தமிழில். மில் நின்றால் அதில் மிச்சம் இருந்த ஆட்களும் போவார்கள். புல்லரை எடுத்துக்கொண்டு போனேன்.

கட்டினேன், திருகினேன், காத்திருந்தேன். வந்தது. சட்டியில் காய்ச்சி ஏற்றினேன். மில் ஓடியது. ஒரு சத்தம் இல்லை.

அந்த அமைதியைக் கேட்டதும் மிஷினை நிறுத்தச் சொன்னேன். ஸ்பேனரை எடுத்து, தண்டை மூடியிருந்த தகரத்தின் நட்டு ஒன்றைத் தளர்த்திவிட்டேன். மறுபடி ஓட்டினால் தடதட தடதட என்று காது கிழிந்தது.

“பிசிங் லா, ரொம்பச் சத்தம்!” என்று தவுக்கே கத்தினார்.

“இருக்கட்டும் தவுக்கே. சத்தம் போட்டா யாரு செஞ்சதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு போய் மூட்டையை எண்ண ஆரம்பித்தார். அடுத்த தடவை ஆபீசர் வந்து, மாவு குறையாமல் விழுவதைப் பார்த்து, காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டார்.

ஜப்பான்காரன் தோற்றான். வெள்ளைக்காரன் வந்தான். சயாமிலிருந்து திரும்பியவர்கள் வந்து இறங்கினார்கள்; எலும்புக்குச் சட்டை போட்டதுபோல இருந்தார்கள். படகுத்துறையில் நின்று ஒவ்வொருவரையும் கேட்டேன். ஒருவர் மட்டும் சொன்னார்: “ஒரு பினாங்கு ஃபிட்டர் இருந்தாருக்கா. நல்ல வேலைக்காரரு. ஒரு கேம்ப்புல வேலை முடிஞ்சா அடுத்த கேம்ப்புக்காரன் வந்து கேட்டு வாங்கிட்டுப் போயிருவான்.” எந்தக் கேம்ப் கடைசி என்று அவருக்குத் தெரியவில்லை.

“இனிமே நட்டை இறுக்கிடு” என்று தவுக்கே சொன்னார். நான் மாட்டேன் என்றேன். என் வீட்டுக்காரர் வந்து இறுக்கட்டும் என்றேன். தவுக்கே வற்புறுத்தவில்லை.

தினம் காய் வாங்கப் பாசாருக்கு மில் பக்கமாகத்தான் போவேன். தெருமுனையிலேயே தடதடவென்று கேட்கும். சரி, இன்னும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நடப்பேன்.

ஒருநாள் தெருமுனையில் சத்தம் இல்லை. மில் மூடியிருக்கும் என்று நினைத்தேன். கிட்டே போனால் மாவு விழுகிற ஓசை. அது மட்டும்.

ஓடினேன். கூடையை எங்கே போட்டேன் என்று தெரியாது. உள்ளே தண்டுக்குப் பக்கத்தில் ஒருவர் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்து துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து திரும்பினார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன். தவுக்கே ஊரில் இல்லாத நாள், அவனாகப் பார்த்து இறுக்கியிருக்கிறான்.

“என்னாக்கா வேணும்?” என்றான்.

ஒன்றுமில்லை தம்பி என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தேடப் போனேன்.